குடும்பத்தோடு கடல் பயணமா? கப்பலை மட்டுமல்ல, கடதாசியையும் பாருங்கள்



பெருநாள் விடுமுறைக்கு எங்கே போவது என்ற கதை புறக்கோட்டைக் கடைகளில் வருடா வருடம் எழும். முன்பு நுவரெலியா, பிறகு சென்னை, பிறகு கோலாலம்பூர், டுபாய் என்று போன கதை இப்போது கப்பலில் வந்து நிற்கிறது. "நானா, கப்பலில் குடும்பத்தோடு போகலாமாமே, நல்லதா? எவ்வளவு முடியும்?" என்று சென்ற மாதம் மட்டும் என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். நான் ஒரு தடவை போய் வந்தவன், அதிலும் காசு கொடுத்துப் பாடம் படித்து வந்தவன் என்பதால்தான் கேட்கிறார்கள். அந்தப் பாடத்தை எல்லோருக்கும் பொதுவாக இவ்வாரம் எழுதி விடுகிறேன். உல்லாசப் பயணத்தைப் பற்றிய கட்டுரை வர்த்தகப் பக்கத்தில் எதற்கு என்று நினைக்க வேண்டாம். முடிவில் இது எமது கடைக்குள்தான் வந்து நிற்கும்.

சிறிய கப்பல் என்றால் எவ்வளவு சிறியது?

கப்பலின் அளவைச் சொல்லும்போது "கிறொஸ் தொன்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பலர் அதைக் கப்பலின் பாரம் என்று எண்ணுகிறார்கள். அது பாரமல்ல, கப்பலின் உள்ளே அடைக்கப்பட்டிருக்கும் இடத்தின் அளவு. பழைய கணக்கில் 100 கன அடி ஒரு தொன்னாகும். எனவே இந்த எண்ணைப் பயணிகளின் தொகையால் வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று ஓரளவு விளங்கும்.

2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகன் ஒஃப் த சீஸ்' ஏறத்தாழ 2,48,600 கிறொஸ் தொன். கட்டில்கள் எல்லாம் நிறைந்தால் 7,600 பயணிகள். எமது ஊர்கள் சிலவற்றின் மொத்த சனத்தொகையே அதற்குக் குறைவு. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு வந்த 'எம்பிரஸ்' கப்பல் 1990இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,500 தொன். அதை எமது மக்கள் பெரிய கப்பல் என்றார்கள். உலகக் கணக்கில் அது நடுத்தரத்துக்கும் கீழே.

சிறிய கப்பல் என்று இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்வது சில நூறு பேருக்கு உட்பட்டதை. அதிலும் சிறியது பத்து இருபது பேர் போகும் படகு. சில இடங்களுக்குச் சிறிய கப்பலில்தான் போக முடியும். ஈக்குவடோருக்குச் சொந்தமான கலபாகோஸ் தீவுகளில் ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் அனுமதியில்லை. தென் துருவத்தில் 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் தரையிறக்குவதில்லை. அங்கெல்லாம் நாம் போகப் போவதில்லை. ஆனால் இக்கட்டுப்பாடுகள் ஒரு விடயத்தைச் சொல்கின்றன. கப்பல் சிறுத்தால் கரைக்குக் கிட்டப் போகலாம், கப்பல் பெருத்தால் கப்பலே ஊராகி விடும்.

பெரியதா, சிறியதா?

பெரிய கப்பலில் மின் உயர்த்தி உண்டு, வைத்தியர் உண்டு, பிள்ளைகள் விளையாட இடமுண்டு, ஆட்டம் குறைவு. வயதானவர்களுக்கு இவை பெரிய வசதிகள், அதை மறைக்கக் கூடாது. மறுபக்கம், பெரும்பாலான பெரிய கப்பல்களில் மதுச்சாலையும் சூதாட்ட மண்டபமும் இருக்கும். கப்பல் கம்பனி கட்டில் விலையைக் குறைத்துச் சொல்லி உள்ளே ஏறிய பிறகு மது, சூது, படப்பிடிப்பு, கரைச் சுற்றுலா ஆகியவற்றில் உழைக்கிறது. குடிக்காத, சூதாடாத குடும்பத்துக்கு அந்தக் குறைந்த விலை ஒரு வகையில் இலாபம்தான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

சிறிய படகில் வைத்தியர் இல்லை, மின் உயர்த்தி இல்லை, கடல் கொஞ்சம் கோபித்தாலும் உடம்புக்குத் தெரியும். ஆனால் முழுப் படகையும் ஒரு குடும்பமே எடுத்துக்கொள்ளலாம். எந்நேரம் சாப்பிடுவது, எங்கே நங்கூரமிடுவது, எந்த உடையில் இருப்பது என்பதை எமது பெண்கள் கூச்சமின்றித் தீர்மானிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சிறிய படகைத் தெரிவு செய்தேன். அதில் எனக்கு இன்றும் கவலையில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் தெரிவு செய்தேன் என்பதுதான் கவலை.

ஏன் மாலைதீவு?

எனது உம்மாவின் வாப்பா மாசி வியாபாரி. மாலைதீவு ஓடங்கள் கொழும்புக்கு மாசி ஏற்றி வந்து, திரும்பும்போது அரிசியும் சீனியும் ஏற்றிச் சென்ற காலத்து ஆள். அந்த ஓடக்காரர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனதை உம்மா இன்றும் சொல்லுவார். "அந்த மனிசரெல்லாம் எங்கிருந்து வந்தாங்க என்று ஒருக்காப் பாக்கணும்" என்பது அவருடைய ஆசை. அவருக்கு அப்போது 78 வயது, இரண்டு முழங்கால்களும் வாதம். இனியும் பிற்போட்டால் நடக்காது என்று தெரிந்தது.

கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். இறங்கும்போதே 30 நாள் விசா கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. அங்கே 'சபாரி போட்' என்று சொல்லப்படும் தங்கும் படகுகள் நிறைய உண்டு. நீளம் பெரும்பாலும் 20 முதல் 40 மீற்றர் வரை, ஐந்து முதல் பன்னிரண்டு அறைகள். 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வந்தன. ஐந்து அறைகள் கொண்ட படகு ஒன்றை ஐந்து இரவுகளுக்குக் குடும்பத்துக்கென்று முழுதாகப் பேசினோம். உம்மா, நான், மனைவி, மகன், மருமகள், மகள், மருமகன், ஆறு வயதுப் பேரன் என்று எட்டுப் பேர்.

முதலாவது கேள்வி: முடிவான விலை எது?

கொழும்பில் ஒரு முகவர் ஊடாகப் பேசினேன். 7,000 டொலர் சொன்னார். முப்பது வருடக் கடைக்காரன் அல்லவா, விடுவேனா? மூன்று நாள் பேசி 6,000 டொலருக்குக் கொண்டு வந்தேன். "சாப்பாடு, தண்ணீர், படகு எல்லாம் அடக்கம்" என்று மின்னஞ்சலில் எழுதித் தந்தார். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் அடையாளங்கள் இருந்தன. அவற்றை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் விளங்கியிருக்காது.

அந்த இரண்டு அடையாளங்களில் ஒன்று சேவைக் கட்டணம், மற்றது அரசாங்க வரி. அவற்றுக்கு மேலே 'பசுமை வரி' என்று தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வேறு உண்டு. எமது கணக்கு இப்படி வந்தது:

பேசிய விலை: 6,000 டொலர்
10 வீத சேவைக் கட்டணம் சேர்த்து: 6,600 டொலர்
அதன் மேல் அப்போதிருந்த 16 வீத சுற்றுலா வரி சேர்த்து: 7,656 டொலர்
பசுமை வரி, எட்டுப் பேர், ஐந்து இரவு, தலா 6 டொலர்: 240 டொலர்
மொத்தம்: 7,896 டொலர்

பேசிக் குறைத்தது 1,000 டொலர். பேசாமல் விட்டது 1,896 டொலர். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ ஐந்தே முக்கால் இலட்சம் ரூபா. வரி வரிக்கு மேலேயே ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். 10 வீதமும் 16 வீதமும் சேர்ந்தால் 26 அல்ல, 27.6 வீதம்.

அதன் பிறகு இந்தக் கட்டணங்கள் கூடியுள்ளன. 2025 ஜனவரி 1 முதல் படகுகளுக்கும் விடுதிகளுக்கும் பசுமை வரி நாளுக்கு 12 டொலர் ஆக்கப்பட்டது. 2025 ஜூலை 1 முதல் சுற்றுலா வரி 17 வீதம். இதே பயணத்தை இந்த வீதங்களில் போட்டுப் பார்த்தால் 7,722 டொலரும் பசுமை வரி 480 டொலரும் சேர்ந்து 8,202 டொலர். அதாவது 6,000 என்று கேட்ட காது 8,200 என்று கேட்க வேண்டும்.

எனவே முகவரிடம் "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்பதற்கு முன் "நான் திரும்பி விமானம் ஏறும் வரை எனது பையிலிருந்து மொத்தமாக எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து படகுக்குக் கொண்டு போகும் செலவு, எரிபொருள் மேலதிகக் கட்டணம், நீச்சல் கண்ணாடி போன்றவற்றின் வாடகை, ஊழியர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை உள்ளா வெளியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: முற்பணமும் டொலரும்

பொதுவாக ஒரு பங்கை முற்பணமாகவும் மீதியைப் பயணத்துக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பும் கேட்பார்கள். மீதி டொலரில். எமது வருமானம் ரூபாவில். இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை 2022 எமக்குக் காட்டியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. 6,000 டொலர் பயணத்துக்கு நாலில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு 4,500 டொலர் மீதி வைத்திருந்த ஒருவருக்கு அந்த மீதி ஒன்பது இலட்சத்திலிருந்து பதினாறு இலட்சத்து இருபதாயிரமாக ஆகியிருக்கும். போகாமல் விட்டால் முற்பணம் போய்விடும்.

ஆகவே பயணத்தை நாமே நிறுத்தினால் எத்தனை நாளைக்கு முன் எத்தனை வீதம் திரும்பும், படகுக்காரர் நிறுத்தினால் என்ன, புயலால் நின்றால் என்ன, வேறு படகு தந்தால் ஏற்க வேண்டுமா என்ற நான்கையும் வேறு வேறாக எழுதி வாங்குங்கள். முகவர் கடையை மூடிவிட்டால் படகுக்காரர் எமது பணத்தை ஏற்றுக்கொள்வாரா என்பதற்கும் ஒரு வழி தேவை. பணம் கட்டியதும் படகுக்காரரிடமிருந்தே நேரடியாக ஓர் உறுதிக் கடிதம் கேட்பதே அந்த வழி.

மூன்றாவது கேள்வி: ஏறுவது எப்படி?

என்னை இன்றும் உறுத்துவது இந்தக் கேள்விதான். பணம் போனது பெரிதல்ல.

மாலேயில் எமது படகு துறையில் கட்டப்பட்டிருக்கவில்லை. சற்றுத் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. ஒரு சிறிய தோணியில் எம்மைக் கொண்டு போனார்கள். தோணி அலையில் ஏறி இறங்க, படகின் பின்பக்கத்தில் ஓர் இரும்பு ஏணி. இளையவர்கள் ஒரு பாய்ச்சலில் ஏறிவிட்டார்கள். உம்மாவினால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. மகனும் மருமகனும் பிடித்தும் முடியாமல், கடைசியில் படகு ஊழியர்கள் இருவர் அவரைத் தூக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. நல்ல பிள்ளைகள், மரியாதையோடுதான் தூக்கினார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்நிய ஆண் கைபடாமல் வாழ்ந்த மனுஷி. ஏறியதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு மூலையில் போய் இருந்தவர், மஃரிப் வரை யாரோடும் பேசவில்லை. இரவு என்னிடம் சொன்னார்: "மகன், நான் இதிலிருந்து இறங்க மாட்டேன். திரும்பிப் போற நாளைக்கு இறக்கினால் போதும்."

தீவுகளைப் பார்க்க வந்தவர் மூன்று நாட்கள் படகிலேயே இருந்தார். நாங்கள் தோணியில் போய் மணல் திட்டுகளில் இறங்கி வந்தோம். அவர் மேல் தட்டில் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக் கையை அசைப்பார். 1,000 டொலர் குறைக்க மூன்று நாள் பேசிய நான், உம்மாவின் முழங்காலைப் பற்றி ஒரு நிமிடம் பேசவில்லை.

நீங்கள் கேளுங்கள். படகில் ஏறுவது துறையிலிருந்தா, தோணியிலிருந்தா? பலகையா, ஏணியா, எத்தனை படி? அறைகள் கீழ்த்தட்டிலா, மேல்தட்டிலா? மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் தன் படகைப் பற்றிய நான்கு படம் அனுப்ப மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்வி: பாதுகாப்பு

2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் 'கொஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. நாலாயிரத்துக்கும் அதிகமானோரில் 32 பேர் மாண்டனர். புதிதாக ஏறிய பலருக்கு ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சி அதுவரை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகு விதி மாற்றப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ அப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

பெரிய கப்பல்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. 2019 செப்டெம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் 'கொன்செப்ஷன்' என்ற சிறிய தங்கும் படகு நங்கூரமிட்ட நிலையில் இரவில் தீப்பற்றியது. கீழ்த்தட்டில் உறங்கிய 34 பேரும் இறந்தனர். இரவில் சுற்றிப் பார்க்கும் காவல் இல்லாததே விசாரணையில் பெரும் குறையாகச் சொல்லப்பட்டது. 2024 நவம்பரில் எகிப்தின் செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்ற படகு நாற்பதுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கி உயிர்கள் போயின.

ஆகவே சிறிய படகில் ஐந்தைக் கேளுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளி உண்டா? கீழ் அறைகளிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டா? உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் உண்டா, பிள்ளையின் அளவில் உண்டா? மிதவைத் தெப்பம் உண்டா? வானொலித் தொடர்பு வேலை செய்கிறதா? இரவில் தொலைபேசிகளை அறைக்குள் மின்னேற்றிவிட்டுத் தூங்காதீர்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

வைத்தியத்தையும் யோசியுங்கள். மாலைதீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கின்றன. இரவில் நெஞ்சு வலித்தால் வேகப் படகுதான். இருதய நோயாளி, மிக வயதானவர், கைக்குழந்தை இருந்தால் மாலேக்கு அண்மித்த தீவுக் கூட்டத்தை விட்டுத் தூரப் போகாத பயணத்தைத் தெரிவு செய்யுங்கள். அவசர இடமாற்றச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி எடுங்கள்.

ஐந்தாவது கேள்வி: எந்தக் காலம், எந்த வழி?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகீழ்ப் பருவக்காற்று. கடல் தெளிவு, மழை குறைவு, விலை கூட. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று. மழையும் அலையும் உண்டு, விலை இறங்கும். 'அட்டொல்' என்ற ஆங்கிலச் சொல்லே மாலைதீவு மொழியிலிருந்து வந்ததுதான். பவளத்திட்டுகள் வளையமாகச் சூழ்ந்த அந்தத் தீவுக் கூட்டத்தின் உள்ளே கடல் அமைதியாக இருக்கும். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் போதுதான் சிறிய படகு ஆடும். எனவே எத்தனை தடவை கடக்கும், எத்தனை மணித்தியாலம், பகலிலா இரவிலா என்று கேட்க வேண்டும். தலைச்சுற்று உள்ளவருக்குப் படகின் நடுவில், கீழே உள்ள அறை நல்லது. முனையில் உள்ள அறையில்தான் ஆட்டம் அதிகம்.

விலை பேசும் விடயத்தில் வர்த்தகர்களுக்கு விளங்கும் ஒரு கணக்கு உண்டு. வெறுமையாகப் போன அறை நேற்று விற்காத இறைச்சி மாதிரி, நாளைக்கு விற்க முடியாது. ஆகவே பருவம் மாறும் மே மாதத்திலும் நவம்பரிலும் படகுக்காரர் இறங்கி வருவார். பெருநாளுக்கும் டிசம்பர் கடைசிக்கும் இறங்கி வரமாட்டார். விடுமுறையை மாற்ற முடிந்தவருக்குத்தான் பேரம் பலிக்கும்.

ஆறாவது கேள்வி: உணவும் தொழுகையும்

மாலைதீவு முஸ்லிம் நாடுதானே என்று கண்ணை மூடிவிடக் கூடாது. மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்குத் தடை. ஆனால் உல்லாசப் படகுகள் அனுமதிப்பத்திரம் பெற்று மது வைத்திருக்கலாம். சமையற்காரர் வெளிநாட்டவராகவும் இருக்கலாம். முழுப் படகையும் எடுக்கும்போது மதுப்பெட்டி பூட்டியிருக்க வேண்டும், இறைச்சி ஹலால் என உறுதி வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். இரண்டையும் மறுப்பின்றிச் செய்தார்கள். கேட்டால் கிடைக்கும்.

படகில் நல்ல தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறுவது, அளவோடுதான் இருக்கும். எட்டுப் பேர் ஐவேளை வுழூச் செய்யும் வீடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதற்கேற்ப இயந்திரத்தை ஓட்டுவார்கள். கிப்லா ஏறத்தாழ மேற்கு, வடமேற்குத் திசையில். நங்கூரத்தில் நிற்கும் படகும் காற்றுக்குத் திரும்பும் என்பதால் ஒவ்வொரு வக்துக்கும் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும். கஸ்ர், ஜம்உ, ஓடும் படகில் தொழுவது பற்றிய சட்டங்களைப் புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கப்டன் செய்த வேலை

நான்காம் நாள் காலையில் கப்டன் என்னிடம் வந்தார். கொழும்பில் சில வருடம் படித்தவர், சிங்களம் நன்றாகப் பேசுவார். படகில் அவருக்கும் ஒரு பங்கு உண்டாம். "உம்மா ஏன் ஒரு தீவுக்கும் வரவில்லை?" என்று கேட்டார். விடயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்றைய நிகழ்ச்சியில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. அதை விட்டுவிடலாமா? இரண்டு மணித்தியாலத்தில் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே துறைமுகச் சுவரோடு படகைக் கட்டலாம். நீர் உயரும் நேரம் பார்த்துப் போனால் தட்டும் சுவரும் ஒரே மட்டத்தில் வரும், பலகை போட்டால் உம்மா நடந்து போவார்" என்றார்.

அப்படியே செய்தார். அஸருக்கு முன் படகு சுவரோடு நின்றது. உம்மா எனது கையைப் பிடித்துக்கொண்டு ஆறு எட்டில் கரைக்கு நடந்தார். பள்ளிவாசலில் பெண்களுக்கான பகுதியில் தொழுதார். வெளியே ஒரு வீட்டு வாசலில் சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காய வைத்திருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் நின்றுவிட்டார். "எங்கட கடை வாசனை" என்றார். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் உம்மாவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் அரை மணித்தியாலம் இருவரும் ஊஞ்சலில் இருந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மேலதிகமாகச் சென்ற எரிபொருளுக்கு எவ்வளவு என்று கப்டனிடம் கேட்டேன். "உம்மாவுக்கு விலை போட வேண்டாம்" என்றார்.

ஏழாயிரம் பேர் போகும் கப்பலின் கப்டன் நல்லவராக இருக்கலாம். ஆனால் ஒரு மூதாட்டிக்காகக் கப்பலைத் திருப்ப அவருக்கு அதிகாரமில்லை. சிறிய தொழிலில் முடிவு எடுப்பவரும் வாடிக்கையாளரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். பெரிய சுப்பர் மார்க்கட்டுகளோடு விலையில் போட்டி போட முடியாமல் தவிக்கும் நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. எமது பலம் விலையில் இல்லை, திரும்பக் கூடிய தன்மையில் இருக்கிறது. அந்தப் படகைப் பற்றி நான் இதுவரை ஆறு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கப்டன் செலவழித்த டீசலுக்கு எந்த விளம்பரம் ஈடாகும்?

கடைக்குக் கொண்டு வந்த பாடம்

ஊர் திரும்பியதும் முகவரோடு சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் மின்னஞ்சலை எடுத்துக் காட்டினார். "ஹாஜியார், இரண்டு கூட்டல் போட்டிருக்கிறேன். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்" என்றார். உங்கள் தொழிலில் தெரியும், எனக்கு எப்படித் தெரியும் என்று கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் என் கடையின் விலைமனுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் ஹாட்வெயார் வியாபாரி. கூரைத் தகடு, தரை ஓடு, குழாய். எமது விலைமனுவின் அடியில் சிறிய எழுத்தில் "வற், ஏற்றுகூலி, போக்குவரத்து தனி" என்று பல வருடமாக அச்சடித்திருந்தோம். வீடு கட்டுகிறவர் வாழ்வில் ஒரு தடவை வீடு கட்டுகிறார். அவருக்கு இவையெல்லாம் தெரியாது. லொறி வாசலில் வந்து நின்ற பிறகு, திருப்பியனுப்ப முடியாத நேரத்தில் அந்தக் கணக்கைக் காட்டுவோம். முகம் சுண்டி, யாரிடமாவது கடன் வாங்கிக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கண்டும் அது வியாபாரம் என்று இருந்திருக்கிறேன். மாலேயில் பட்டியலைப் பார்த்து நான் அடைந்த ஆத்திரத்தை எத்தனை பேர் என் கடை வாசலில் விழுங்கியிருப்பார்கள்?

கரர், அதாவது விற்கப்படுவதிலோ விலையிலோ தெளிவின்மை, மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று மத்ரஸாவில் சிறுவயதிலேயே படித்தோம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுவது என்றால் எமக்குத் தப்பிக்க வழி வைத்து எழுதுவதல்ல, மற்றவருக்கு விளங்கும்படி எழுதுவது என்பதை ஐம்பத்தாறு வயதில்தான் விளங்கிக்கொண்டேன்.

முகவருக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். மறுவாரம் புதிய விலைமனுப் புத்தகம் அச்சடித்தோம். கடைசி வரியில் பெரிய எழுத்தில் "உங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம்" என்று ஒரு கட்டம். முதல் இரண்டு மாதம் சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று போனார்கள் என்பதை மறைக்கவில்லை. அதில் சிலர், லொறி வந்த பிறகு கணக்குப் பார்த்து, அடுத்த சாமானுக்குத் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஆனால் வாசலில் முகம் சுண்டிய மனிதரைக் கண்டு இப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகிறது.

சுருக்கமாக

1. மொத்த விலையை, வரியும் கட்டணமும் சேர்த்து, ஒரே எண்ணில் எழுத்தில் கேளுங்கள்.
2. முற்பணம் திரும்பும் நிபந்தனைகளைப் பணம் கொடுக்கும் முன் வாசியுங்கள். மீதியை எந்த நாணயத்தில், எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
3. குடும்பத்தில் மிகவும் பலவீனமானவர் ஏறி இறங்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். அவருக்குப் பொருந்தும் படகு எல்லோருக்கும் பொருந்தும்.
4. இரவுக் காவல், இரண்டு வெளிவழி, பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கி, இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.
5. காலத்தையும் கடல் வழியையும் கேளுங்கள்.
6. உணவு, மது, தொழுகை பற்றி வெட்கப்படாமல் எழுதிக் கேளுங்கள்.

உம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, வெளியே போவது குறைவு. வீட்டுக்கு யார் வந்தாலும் மணல் திட்டு, மீன், கடல் எதையும் சொல்ல மாட்டார். அந்த ஊர் வாசலில் மாசி காய்ந்ததையும் ஊஞ்சலையும்தான் சொல்வார். நீங்கள் போகும் பயணத்தில் உங்கள் உம்மாவுக்கும் அப்படி ஒரு வாசல் கிடைக்கட்டும். அதற்கு முன் அந்த ஏணியைப் பற்றிக் கேட்டு விடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம். வஸ்ஸலாம்.